மொலொக்காய்த் தீவில் தமியான் சுவாமியார்



வைத்தியர் இரத்தத்தையோ சதையையோ எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, நாலு நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லியனுப்புகிறார். அந்த நாலு நாள் எப்படிப்பட்டதென்று அறியாத வீடு நம் பங்கில் அரிது. வியாதி இன்னதென்று தெரிந்தபின் அழுது தீர்த்து மருந்து சாப்பிடத் தொடங்கிவிடுகிறோம். தெரியாத நாட்களிலோ சோறும் இறங்குவதில்லை, செபமும் வாயில் நிற்பதில்லை. இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்ட சரித்திரம், அப்படிப்பட்ட தெரியாமையின் நடுவிலே நாலு நாளல்ல, ஏறத்தாழ 16 வருஷம் குடியிருந்த ஒரு குருவானவருடையது.

அவர் பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். குஷ்டரோகிகளின் அப்போஸ்தலர் என்று பெயர்பெற்ற அர்ச். தமியான் சுவாமியாரே அவர். பெல்ஜியம் தேசத்தில் லுவேன் பட்டணத்துக்கு அருகே திரெமெலோ என்ற கிராமத்தில் 1840-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி பிறந்தார். வீட்டில் இட்ட பெயர் யோசேப்பு. தகப்பனார் விவசாயம் செய்து தானிய வியாபாரமும் நடத்தியவர். மகன் வியாபாரத்தைக் கவனிப்பான் என்று அவர் எண்ணியிருக்க, மகனோ தன் தமையனாரைப் பின்பற்றி 1859-ல் இயேசு மரியாயின் திரு இருதயங்களின் சபையில் சேர்ந்தார். பூர்வ காலத்தில் கூலி வாங்காமல் வைத்தியம் செய்து வேதசாட்சியான கொஸ்மாஸ், தமியான் என்னும் சகோதரர்களில் ஒருவரின் பெயரை அங்கே ஏற்றுக்கொண்டார். நம் தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் வேறொன்றையும் சொல்லுகிறது. துணையற்றுத் தனித்திருப்பவனைத் தமியன் என்போம் அல்லவா? பெயர் வைத்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பெயர் பொருந்திப்போயிற்று.

1860-ல் பாரீஸ் நகரில் அவர் வார்த்தைப்பாடு கொடுத்தார். அந்தச் சபையின் வழக்கப்படி, வார்த்தைப்பாடு கொடுப்பவர் தரையில் படுத்திருக்க, சவத்தின்மேல் விரிக்கும் துணியை அவர்மேல் விரிப்பார்கள். உலகத்துக்கு இறந்துவிட்டான் என்பதற்கு அது அடையாளம். இருபது வயது வாலிபன் அதன் பொருளை எவ்வளவு அறிந்திருப்பான்? பிற்பாடு மொலொக்காயில் அந்தத் துணியை அவர் நினைத்துக்கொண்டது உண்டு.

பசிபிக் சமுத்திரத்திலுள்ள ஹவாய்த் தீவுகளுக்குப் போகவேண்டியவர் அவருடைய தமையனார் பாம்ஃபில் சுவாமியார்தான். நோயாளிகளைச் சந்திக்கப்போன இடத்தில் விஷக்காய்ச்சல் தொற்றி அவர் படுத்துவிட்டார். தம்பி தம் உள்ளூர்ச் சிரேஷ்டரைத் தாண்டி, பாரீஸிலிருந்த சபைத் தலைவருக்கே நேராகக் கடிதம் எழுதி, தமையனாருடைய இடத்தைத் தமக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். (அவசரக்காரர். இந்தக் குணம் கடைசிவரை அவரை விடவில்லை. மேலதிகாரிகளுக்கு அவர் சுலபமான பிள்ளையாய் இருந்ததேயில்லை.) 1863-ன் பிற்பகுதியில் புறப்பட்ட பாய்க்கப்பல், 1864 மார்ச் 19-ந் தேதி, அர்ச். சூசையப்பர் திருநாளன்று ஹொனலூலு துறைமுகம் சேர்ந்தது. அதே மே மாதத்தில் குருப்பட்டம் பெற்று, ஹவாய் என்னும் பெரிய தீவில் ஒன்பது வருஷம் வேதபோதகராய் உழைத்தார். கோவில் கட்டினார், குதிரையேறி மலை கடந்தார். அந்த வருஷங்களைப் பற்றி இங்கே அதிகம் சொல்வதற்கில்லை.

குஷ்டரோகத்தைப் பற்றித்தான் சற்று நின்று சொல்லவேண்டும். 1778-ல் முதல் ஐரோப்பியக் கப்பல்கள் வந்த நாள் தொட்டு, அந்தத் தீவுகளின் சனங்கள் அந்நிய வியாதிகளால் அலையலையாய் மடிந்துகொண்டிருந்தார்கள். அம்மை, மணல்வாரி ஒவ்வொன்றும் ஊர் ஊராய் வாரிக்கொண்டு போயிற்று. அதற்குப்பின் வந்தது குஷ்டம். மற்ற வியாதிகளாவது வந்ததும் தெரியும், போவதும் தெரியும். இதுவோ ஒருவன் உடலில் புகுந்து, சராசரி ஐந்து வருஷம், சிலரிடத்தில் இருபது வருஷம்கூட, ஓசைப்படாமல் உறங்கிக் கிடக்கும். பிறகு ஒருநாள் உணர்ச்சியற்ற ஒரு தேமல் தோன்றும். யாரிடமிருந்து வந்தது, எந்த நாளில் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே பாயில் படுத்த மனைவிக்கு வராது. எங்கோ ஒரு பையனுக்கு வரும். பரம்பரையாய் வருவதென்று நார்வே தேசத்துப் பெரிய வைத்தியர்கள் எழுதினார்கள். தொத்துவியாதி என்றார்கள் வேறு சிலர். ஒழுக்கக்கேட்டால் வரும் மேகநோயின் கடைசி நிலை இது என்று ஹொனலூலுவிலேயே ஒரு வைத்தியர் சாதித்தார்.

ஒன்றும் தெரியாத இடத்தில் அரசாங்கம் என்ன செய்யும்? பயப்படுகிறவன் செய்வதையே செய்தது. ராஜா ஐந்தாம் கமெஹமேஹா 1865 ஜனவரி 3-ந் தேதி ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். எங்கோ வேறு தீவில் அன்று தமியான் சுவாமியாருக்கு 25 வயது நிறைகிறது. அது அவருக்கு எப்படித் தெரியும்? சட்டத்தின்படி, குஷ்டம் உண்டென்று சந்தேகிக்கப்படுகிற எவரையும் பிடித்துப் பரிசோதித்து, உண்டென்று கண்டால் தீவாந்தரம் அனுப்பலாம். குறிக்கப்பட்ட இடம் மொலொக்காய்த் தீவின் வடகரையிலுள்ள ஒரு நாக்கு நிலம். மூன்று பக்கமும் கொந்தளிக்கும் கடல், நாலாவது பக்கம் ஈராயிரம் அடிக்கு மேற்பட்ட செங்குத்துப் பாறை. 1866 ஜனவரி 6-ந் தேதி, நாம் மூன்று இராசாக்கள் திருநாள் கொண்டாடும் அன்று, முதல் கூட்டத்தார் அங்கே இறக்கப்பட்டார்கள். 1969-ல் அந்தத் தனிமைச் சட்டம் நீங்குமட்டும் சுமார் 8,000 பேர் அந்தக் கரைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்நாட்டு மக்கள் குஷ்டத்துக்கு வைத்த பெயர், பிரித்துவைக்கும் நோய் என்று பொருள்படும். உடம்பு அழுகுவதைச் சொல்லி அவர்கள் பெயரிடவில்லை என்பதைக் கவனியுங்கள். தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதே அவர்களுக்குப் பெரிய நோவாயிருந்தது. ஆகவே வியாதியஸ்தருக்கு ஊழியம் செய்ய, சுகமாயிருந்த மனைவியோ கணவனோ கூடவே தீவாந்தரம் போனதும் உண்டு.

பழைய சரித்திரங்களில், தமியான் சுவாமியார் போய்ச் சேருமுன் அந்த இடத்தில் மிருகங்களைப்போல் வாழ்ந்தார்கள் என்று எழுதியிருக்கக் காண்கிறோம். அது முழு உண்மையல்ல. முதல் வருஷமாகிய 1866-லேயே 35 நோயாளிகள் கூடிப் புரொட்டஸ்டாந்து சபை ஒன்றை அங்கே நிறுவி, பிற்பாடு கோவிலும் கட்டிக்கொண்டார்கள். நம் கத்தோலிக்கருக்கும் 1872-ல் அர்ச். பிலோமினம்மாள் பெயரால் ஒரு சிற்றாலயம் எழும்பியிருந்தது. இல்லாதது நிரந்தரமான குருவும், வைத்தியரும், ஒழுங்கான வீடும் தண்ணீரும்தான். எப்போதாவது வந்த வைத்தியர்கள் தடியின் நுனியால் கட்டுத்துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று சொல்வார்கள். அவர்களை நாம் ஏளனம் செய்யவேண்டாம். 2020-ம் ஆண்டில் ஒரு புதிய காய்ச்சலுக்குப் பயந்து, பெற்ற தாயின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அடக்கம் செய்தவர்கள் நம்மிலும் உண்டு.

1873 மே 4-ந் தேதி மாவி தீவில் ஒரு புதுக் கோவில் மந்திரிக்கப்பட்டபோது, கூடிவந்த குருக்களிடம் மேற்றிராணியார் மேக்ரே ஆண்டவர் மொலொக்காயின் குறையை எடுத்துச் சொன்னார். கட்டளையிட அவருக்கு மனம் வரவில்லை. நாலு பேர் தாமாக முன்வந்தார்கள். முறைவைத்து ஒருவர்பின் ஒருவராய்ப் போய்வருவதென்று ஏற்பாடாயிற்று. முதல் முறை தமியான் சுவாமியாருடையது. மே 10-ந் தேதி மேற்றிராணியாரே கூட வந்து அவரைக் கலவாவோவில் விட்டுத் திரும்பினார். இரண்டாமவருடைய முறை வரவேயில்லை. அங்கேயே இருந்துவிட அனுமதி கேட்டு அவர் எழுதிவிட்டார். அவருக்கு வயது 33.

முதல் வாரங்களில் தங்க வீடில்லாமல் ஒரு தாழை மரத்தடியில் படுத்தார். அவர் பயப்படவில்லை என்று சிலர் எழுதுவார்கள். அவருடைய சொந்தக் கடிதங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. குடிசைக்குள் பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது துர்நாற்றம் தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடவேண்டி வந்ததும், அந்த நாற்றம் உடையில் ஒட்டாதிருக்கப் புகையிலைக் குழாய் பிடிக்கத் தொடங்கினதும் அவரே சொல்லியவை. நோயாளிகளைச் சந்தித்துத் திரும்பிய இரவுகளில் கால்களில் ஒரு விதமான எரிச்சலும் அரிப்பும் கண்டு அஞ்சி, ஒரு சிநேகிதரிடம் கனத்த பூட்ஸ் வாங்கி மாட்டிக்கொண்டார். இவரும் நம்மைப்போல் தோலும் சதையுமாயிருந்தவரே. ஆனால் பயத்துக்கு உட்கார்ந்து யோசிக்க இடம் கொடாமல் அவர் கையில் எப்போதும் ஒரு வேலை இருந்தது. பிரேதங்களைப் பெட்டியின்றிப் புதைப்பதைக் கண்டு, உளியும் இழைப்புளியும் எடுத்துத் தாமே சவப்பெட்டி செய்தார், நூற்றுக்கணக்கில் செய்தார். தூரத்து ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். 1874-ல் வீசிய புயலில் குடிசைகள் பறந்தபோது, பலகை வருவித்து மரவீடுகள் கட்டினார். அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார், பாட்டு வகுப்பு வைத்தார். புண்களைக் கழுவிக் கட்டினார். விரலிழந்த கைகள் நீட்டிய சட்டியிலேயே அவர்களோடு உணவுண்டார், அவர்கள் கையில் தம் புகைக்குழாயையும் கொடுத்து வாங்கினார்.

இது விவேகமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். உணவைப் பகிர்ந்துகொள்ள மறுக்கிற ஒருவனை ஹவாய் மக்கள் தங்களவனென்று எண்ணமாட்டார்கள்; அதை அறிந்தே அவர் அப்படிச் செய்தார். ஆனால் அன்பு இந்த ஒரு விதமாய்த்தான் நடக்கவேண்டுமென்பதில்லை. அமெரிக்க தேசத்துப் பிரான்சிஸ்கு சபைக் கன்னியரின் தலைவி மரியான் கோப் தாயார், 1888 நவம்பரில் தம் சகோதரிகளோடு அதே இடத்துக்கு வந்தார்கள். ஒவ்வொரு நோயாளியைத் தொட்டபின்னும் சோப்பிட்டுக் கைகழுவவேண்டும் என்பது அவர்கள் கண்டிப்பான விதி. தம் சகோதரிகளில் ஒருவருக்கும் இந்நோய் வராது என்று உறுதி கூறினார்கள். வரவுமில்லை. தாயார் முப்பது வருஷம் அங்கே உழைத்து, 1918-ல் குஷ்டமின்றியே மரித்தார்கள். இன்று அவர்களும் அர்ச்சிஷ்டவர்கள் வரிசையில் இருக்கிறார்கள். புண் கழுவிய கையைச் சோப்பிட்டுக் கழுவினதால் அவர்கள் அன்பு குறைந்துவிடவில்லை.

அவரை அதிகம் வருத்திய பயம் நோயைப் பற்றியதல்ல என்று நினைக்கிறேன். அங்கே இறங்கியவர் திரும்பி வெளியே வரக்கூடாதென்று அரசாங்கம் தடையிட்டது. அதனால் பாவசங்கீர்த்தனம் கேட்க அவருக்கு ஒரு குரு இல்லாமற்போனார். ஒருமுறை சபைச் சிரேஷ்டர் கப்பலில் வந்தார். கரையிறங்க மாலுமித் தலைவன் விடவில்லை. தமியான் சுவாமியார் படகில் கப்பலருகே போய், மேல்தட்டில் நின்ற சிரேஷ்டரைப் பார்த்து, கடலிரைச்சலுக்கு மேலாக உரத்த குரலில், பிரெஞ்சு பாஷையில் தம் பாவங்களைச் சொல்லி, அவருடைய ஆசீரைப் பெற்றுத் திரும்பினார். சனிக்கிழமை சாயந்திரம் கோவிலில் குரு காத்திருந்தும் வர வெட்கப்படுகிற நாம், அந்தப் படகைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். பிற்பாடு தடை தளர்ந்தது. ஆனாலும் மாதக்கணக்காய் மற்றொரு குருவின் முகம் காணாத தனிமையில் மனம் இருண்டுபோவதை அவர் தம் கடிதங்களில் மறைக்கவில்லை.

நோய் தம்மேல் வந்துவிட்டதோ என்ற சந்தேகம் அவருக்கு நெடுநாளாகவே இருந்தது. தோலில் சில புள்ளிகள் தோன்றின, மருந்திட மறைந்தன, மறுபடி தோன்றின. 1881 வாக்கில் இடது காலில் வலி. இதுவா, வேறொன்றா? தனியே படுத்திருக்கும் இரவில் அந்தக் காலை எத்தனை முறை தடவிப் பார்த்திருப்பாரோ! 1884 டிசம்பரில் ஒருநாள் நெடும்பயணத்திலிருந்து திரும்பி, கால் கழுவ வைத்திருந்த நீரில் பாதத்தை வைத்தார். நீர் கொதித்துக்கொண்டிருந்தது. தோல் வெந்து உரிந்தது, அவருக்கோ வலிக்கவில்லை. ஜெர்மானிய வைத்தியரான ஆர்னிங் சோதித்துப் பார்த்துச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தார்.

இனி நடந்ததைக் கவனியுங்கள். நிச்சயம் தெரிந்தபின் அவர் மேற்றிராணியாருக்கு எழுதிய கடிதத்தில் ஓர் அமைதி காணப்படுகிறது. சந்தேகம் போயிற்று, இனித் தாமும் தம் பிள்ளைகளில் ஒருவர் என்ற தொனியிலே எழுதினார். தீவை விட்டு வெளியேறினால்தான் குணம் கிடைக்குமென்றால் அந்தக் குணம் தமக்கு வேண்டாமென்றும் தெரிவித்தார். ஆனாலும் இத்துடன் கலக்கமெல்லாம் தீர்ந்துவிட்டதென்று நினைத்துவிடாதீர்கள். தமக்குப்பின் அநாதைப் பிள்ளைகளை யார் பார்ப்பார் என்ற கவலை வந்தது. ஹொனலூலுவுக்கு வரவேண்டாமென்று சிரேஷ்டர் தடுத்தபோது நெஞ்சு புண்பட்டது. 1886-ல் அவர் அங்கே ஒரு ஜப்பானிய வைத்தியருடைய வெந்நீர் சிகிச்சைக்குப் போய்வந்தார், பலன் நிலைக்கவில்லை. அவ்வருஷமே யோசேப்பு டட்டன் என்ற அமெரிக்கர், முன்பு போர்வீரராயிருந்தவர், உதவிக்கு வந்து சேர்ந்தார். அவர் 1930 வரையில் அங்கேயே புண்களைக் கழுவிக்கொண்டிருந்தார், அவருக்கும் நோய் வரவில்லை. இரண்டு வருஷத்துக்குப்பின் கன்னியரும் வந்தார்கள். பிள்ளைகளுக்குத் தாய்மார் கிடைத்துவிட்டார்கள் என்று கண்டபின்தான் அவர் சாகத் துணிந்தார் என்று சொல்லலாம். 1889 ஏப்ரல் 15-ந் தேதி, பெரிய வாரத்துத் திங்கட்கிழமை காலையில், 49-ம் வயதில் மரித்தார். முதலில் படுத்துறங்கிய அந்தத் தாழை மரத்தருகிலேயே அடக்கம் செய்தார்கள்.

மேகநோயின் கடைசி நிலை என்று ஒரு வைத்தியர் சாதித்ததாக மேலே சொன்னேனல்லவா? அறியாமையில் பிறந்த அந்தச் சொல், இறந்தவர்மேல் சேறாய் விழுந்தது. நோய் அவருடைய கெட்ட நடத்தையால் வந்ததென்று, அவர் இறந்த சில மாதங்களுக்குள் ஹொனலூலுவிலிருந்த ஹைடு என்ற போதகர் கடிதம் எழுத, அது பத்திரிகையில் வெளியாயிற்று. அவருக்காக எழுந்து பேசியவர் கத்தோலிக்கரல்ல. புரொட்டஸ்டாந்து குடும்பத்தில் பிறந்த ஆங்கிலக் கதாசிரியர் இராபர்ட் லூயி ஸ்டீவன்சன், மொலொக்காய்க்கு நேரில் போய் எட்டு நாள் தங்கி விசாரித்தவர். 1890-ல் அவர் வெளியிட்ட பதில் உலகமெங்கும் வாசிக்கப்பட்டது. தமியான் சுவாமியாரின் முரட்டுத்தனத்தையும் பிடிவாதத்தையும் அதில் அவர் ஒளிக்கவில்லை. அதனாலேயே சனங்கள் நம்பினார்கள்.

இன்று நமக்கு எல்லாம் தெரியும். அவர் மொலொக்காயில் இறங்கிய அதே 1873-ம் ஆண்டிலேதான், நார்வே தேசத்துப் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற வைத்தியர் இந்நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். அது கடவுள் சாபமுமல்ல, பரம்பரைச் சொத்துமல்ல, ஒழுக்கக்கேடுமல்ல. மனிதரில் நூற்றுக்கு 95 பேருக்கு அதை எதிர்க்கும் சக்தி பிறவியிலேயே இருக்கிறது. டட்டனையும் மரியான் தாயாரையும் அது தீண்டாததன் காரணம் பெரும்பாலும் இதுவே. 1940-களில் முதல் நல்ல மருந்து வந்தது. 1982 முதல் கூட்டு மருந்து. மருந்து தொடங்கிச் சில நாளிலேயே நோய் பிறருக்குத் தொற்றாது. ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ முழுக் குணம். நம் நாட்டில் அந்த மருந்து இலவசம். இவரைப்போல் பெல்ஜியத்திலிருந்து வந்த ஹெமரிக்ஸ் என்ற வைத்தியர் 1955-ல் செங்கற்பட்டுப் பக்கம் பொலம்பாக்கத்தில் சிகிச்சை நிலையம் தொடங்கி, யாரையும் பிரித்துவைக்காமல், சாலையோர மரத்தடிகளிலேயே மருந்து கொடுத்தார். இவ்வளவும் தெரிந்த பின்னும், உணர்ச்சியற்ற தேமலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வைத்தியரிடம் போகாதிருப்பவர்கள் உண்டு. உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி யாராவது இருந்தால் நாளைக்கே அழைத்துப் போங்கள்.

தமியான் சுவாமியாரின் சரீரம் 1936-ல் பெல்ஜியத்துக்குக் கொண்டுபோகப்பட்டு லுவேனில் வைக்கப்பட்டது. தீவின் நோயாளிகளுக்கு அது பெருந்துக்கம். 1995-ல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பானவர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தபோது, சரீரத்தில் ஒரு பாகத்தையாவது தங்களுக்குத் திருப்பித்தர வேண்டுமென்று ஹவாய் மக்கள் கேட்டார்கள். அவருடைய வலது கை அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வருஷமே அதைக் கலவாவோவிலுள்ள அவருடைய பழைய கல்லறையில் வைத்தார்கள். 2009 அக்டோபர் 11-ந் தேதி பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவரை அர்ச்சிஷ்டவரென்று பிரகடனம் செய்த நாளில், மொலொக்காயில் முன்பு பிரித்துவைக்கப்பட்டிருந்த முதியவர்களில் சிலர் உரோமாபுரிக்கே யாத்திரை வந்திருந்தார்கள்.